உண்ணும் உணவும் உடலின் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசாமல் சோற்றையும் பருப்பையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அங்கே வேரும் தழையும் பேசப்படவில்லை. உண்ணும் அளவும் உண்ணும் முறையுமே பெரும்பகுதி பேசப்படுகின்றன. ஆதலின் இப்பொருள் தமிழ் மேடைக்கு அயலானது அன்று.

மற்றொன்றும் முன்னரே கூறிவிட வேண்டும். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதி வகுப்பு வரை படித்து, ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறோம். கற்றறிந்தோர் எழுதி வைத்தவற்றைப் படித்து, நம்மவர்க்குப் பயன்படும் வகையில் தொகுத்துக் கூறுவதே நம் நோக்கம். மருந்து எது என்று முடிவு செய்யும் உரிமை என்றும் மருத்துவர்க்கே உண்டு.

மாரிகுப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் காலை வண்டிகளை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் நம் ஊரின் உழைப்பாளிகளுக்கு அந்த வண்டிகளே வாழ்வு. அவற்றில் வேலைக்குச் செல்வோரோடு நோயாளிகளும் செல்கிறார்கள். மாலையில் திரும்பும்போது அவர்களுள் பலர் கையில் மருந்துப் பையோடு ஒரு டப்பாவும் இருக்கும். "ஐயா, இதிலே அமினோ அமிலம் இருக்கிறதாம். எதிர்ப்புச் சக்தியை ஏற்றுமாம். கட்டியையும் கரைக்குமாம். உண்மைதானா?" என்று நம்மை வினவியவர் ஒருவர் இருவர் அல்லர். அவ்வகை டப்பாக்கள் பலவற்றின் விலை, ஒரு சிறு குடும்பம் ஒரு திங்களுக்கு வாங்கும் பருப்பின் விலையைத் தாண்டிவிடும். நோயாளிக்கு டப்பா வாங்கிவிட்டு வீட்டார் பருப்பைக் குறைத்துக்கொள்ளும் நிலையும் உண்டு. அந்த வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சு.

முதலில் அமினோ அமிலம் என்பது யாது? நாம் உண்ணும் பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் புரதம் என்னும் சத்து இருக்கிறது. அப்புரதம் வயிற்றிலும் குடலிலும் சிறு சிறு துண்டுகளாக உடைகிறது. அத்துண்டுகளே அமினோ அமிலங்கள். நம் உடலின் புரதங்கள் யாவும் இவற்றுள் 20 வகைகளைக் கோத்தே ஆக்கப்படுகின்றன. இருபதில் 9 வகைகளை நம் உடல் தானாக ஆக்கிக்கொள்ள இயலாது. உணவே அவற்றைக் கொண்டுவர வேண்டும்.

இங்கே நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூற அனுமதி தாருங்கள். வண்டி புறப்பட வேண்டுமானால் எஞ்சின் வேண்டும், ஓட்டுநர் வேண்டும், கார்டு வேண்டும், சைகையும் விழ வேண்டும். கார்டு வரவில்லையென்றால், எஞ்சின் இரண்டு பூட்டினாலும் வண்டி நகராது. அதுபோல, ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு மிகுந்திருப்பினும் உடலில் புரதம் கோக்கும் வேலை அந்தக் குறைந்த அளவோடு நின்றுவிடும். அரிசியிலும் கேழ்வரகிலும் லைசின் என்னும் அமிலம் குறைவு. பருப்பிலோ அது நிரம்ப உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு; தானியங்கள் அக்குறையை நிறைக்கின்றன. சோறும் பருப்பும், களியும் அவரைக் குழம்பும், அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியும் என நம் முன்னோர் வகுத்த இணைகளில் இந்தப் பொருத்தம் தானே அமைந்திருக்கிறது.

இனி உடலின் காவலைப் பார்ப்போம். கிருமிகளை எதிர்த்து நிற்கும் எதிர்ப்பொருள்கள் யாவும் புரதங்களே. அவற்றை ஆக்கும் வெள்ளணுக்களும் பெருகுவதற்குப் புரதத்தையே நம்பியிருக்கின்றன. வெள்ளணுக்களுள் ஒருவகை, நுழைந்த கிருமியை விழுங்கிவிடும் இயல்புடையது. விழுங்கியதை அழிக்க அது பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு. அவ்வாயுவை அர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்தே அது ஆக்கிக்கொள்கிறது. இந்த அர்ஜினின் என்ற பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வரும்.

கோலார் தங்கவயலில் இந்தக் காவலணுக்களின் கதையைக் கூறுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர், மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் கண்ட சுரங்கங்களில் பாறையைத் துளைத்தனர். அந்தத் தூசி நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் என்னும் நோய், இந்தியாவில் முதன்முதல் அறிக்கையில் வந்தது இதே கோலார் சுரங்கங்களிலிருந்துதான், ஆண்டு 1947. கிருமியை விழுங்கவேண்டிய அணு கல்தூசியை விழுங்குகிறது. அதைச் செரிக்க மாட்டாமல் தானே மடிகிறது. காவலன் மடிந்த இடத்தில் காசநோய்க் கிருமி எளிதில் குடியேறுகிறது. தூசி நோய் கண்டவர்களைக் காசநோய் மிகுதியாகப் பற்றுவதன் காரணம் இதுவே. ஆகையால் 'எதிர்ப்புச் சக்தி' என்னும் சொல் நமக்கு விளம்பரச் சொல் அன்று. நம் வீடுகளில் இழப்புக் கொடுத்துக் கற்ற சொல்.

உணவு குறைந்தால் காவல் குறையும் என்பது உண்மையே. ஆயின் உணவு கொடுத்தால் நோய் தீருமா? இதற்கு விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956ஆம் ஆண்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நல நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கூடிச் சென்னையில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையத்தை நிறுவின. அந்நாளில் காசநோய்க்குச் சானடோரியம் சென்று, நல்ல உணவுண்டு, ஓய்வெடுத்தல் இன்றியமையாதது என்று கருதினர். இருநூறுக்குச் சற்றுக் குறைந்த நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும், மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், உணவில் குறைந்தவர்கள், ஓய்வும் அற்றவர்கள். இருந்தும் 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். கிருமியைக் கொல்வது மருந்தே என்பதை உலகுக்கு உறுதிப்படுத்தியது அந்த ஆய்வு. மருந்தை நிறுத்திவிட்டுச் சத்துத் தூளை நம்புவோர் இதனை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் உணவால் பயனே இல்லையா? உண்டு, மிகப் பெரிது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு இதனைக் காட்டிற்று. மங்களூரின் எனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும், முன்னே சொன்ன சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதில் ஈடுபட்டனர். 2,800 நோயாளிகளும், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரும் அதில் சேர்ந்தனர். நோயாளிகளுள் ஐவரில் நால்வர் உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள். நோயாளிகள் அனைவர்க்கும் மருந்தோடு உணவுப் பொருள் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவில் வீட்டாருக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும், உயிர்ச்சத்து மாத்திரைகளும் கொடுத்தனர்.

விளைவு யாது? 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, உணவு பெற்ற வீட்டாரிடம் காசநோய் 39 விழுக்காடு குறைவாகத் தோன்றியது. பிறருக்குப் பரவத்தக்க நுரையீரல் காசநோயோ 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளுள், முதல் இரண்டு திங்களில் எடை 5 விழுக்காடு கூடியவர்களுக்கு இறக்கும் இடர் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது. மருந்து கிருமியைக் கொல்கிறது. உணவு காவலைக் கட்டுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

இனி ஒரு கேள்வி எழும். புரதம் காவலைக் கட்டுமாயின், அதிலுள்ள அமினோ அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்து அளவுக்கு மேல் ஊட்டினால் காவல் இன்னும் வலுக்காதா? புற்றுக் கட்டியையும் அது வென்றுவிடாதா? ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களுள் முதன்மையானது, நாம் முன்னே குறிப்பிட்ட அர்ஜினின்.

ஸ்காட்லாந்து நாட்டின் அபர்டீன் நகரில் நல்ல உடல்நலம் உள்ளவர்கள் சிலருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் அர்ஜினினை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தனர். கெட்ட அணுக்களைக் கொல்லும் வெள்ளணுக்களின் ஆற்றல் அவர்களிடம் உயர்ந்தது. இது 1991இல் வெளிவந்தது. கேட்டவர்கள் மகிழ்ந்திருப்பர். ஆயின் மறு ஆண்டிலேயே அக்குழுவினர் மற்றொன்றையும் வெளியிட்டனர். மார்பகப் புற்று கண்டு அறுவைக்குக் காத்திருந்த பெண்களுக்கு அதே 30 கிராமை, அதே மூன்று நாள் கொடுத்தபோது, கட்டி தனக்கெனப் புரதம் கோக்கும் வேகம் இருமடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது. காவலனுக்கென்று அனுப்பிய மூட்டையைக் கள்வனும் பிரித்து உண்டுவிட்டான்!

எலிகளிடம் நடந்த ஆராய்ச்சிகளும் இவ்வாறே இருமுகம் காட்டின. புரதப் பஞ்சத்தில் இருந்த எலிகளுக்கு அர்ஜினின் ஊட்டியபோது காவல் வலுத்துக் கட்டி தளர்ந்தது என்றனர் சிலர். உணவிலிருந்து அர்ஜினினை நீக்கியபோது கட்டி குறுகியது என்றனர் வேறு சிலர். உடலின் காவல் அடையாளம் கண்டு தாக்கக்கூடிய கட்டியாயின் ஒரு விளைவு. காவலின் கண்ணுக்குத் தப்பும் கட்டியாயின் வேறு விளைவு. கட்டியும் தன் பங்குக்குச் சூழ்ச்சி செய்கிறது. அதனைச் சூழ்ந்திருக்கும் சில அணுக்கள் அர்ஜினேஸ் என்னும் பொருளைச் சுரந்து அக்கம் பக்கத்து அர்ஜினினை அழித்துவிடுகின்றன. அங்கே வந்து சேரும் வெள்ளணுக்கள் பட்டினியால் செயலற்றுப் போகின்றன. ஆகவே 'அர்ஜினின் நல்லதா, தீயதா' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. யாருக்கு, எந்த நோயில், எந்த வேளையில், எவ்வளவு என்றே கேட்க வேண்டும்.

பெரிய அறுவைக்கு முன்னும் பின்னும் அர்ஜினினும் மீனெண்ணெய்ச் சத்தும் கலந்த பானம் கொடுத்தால் புண்ணில் சீழ் பிடிப்பது குறைகிறது என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. மருத்துவர்கள் அதனைப் பயன்படுத்துவதும் உண்டு. ஆயின் எல்லா வேளைக்கும் அது பொருந்தாது. குளூட்டமின் என்னும் மற்றொரு அமினோ அமிலம் வெள்ளணுக்களுக்கு மிக விருப்பமான உணவு. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களின் 40 தீவிர மருத்துவப் பிரிவுகளில், உறுப்புகள் செயலிழந்து கிடந்த 1,223 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அதனை மிகுதியாகக் கொடுத்துப் பார்த்தனர். 2013இல் முடிவு வந்தது. குளூட்டமின் பெற்றவர்களிடையே ஆறு திங்களுக்குள் இறந்தவர் தொகையே மிகுதியாக இருந்தது! நல்ல பொருள், நல்ல நோக்கம், கைதேர்ந்த மருத்துவர்கள். அங்கேயே இவ்வாறாயின், கடைவீதியில் நாமே வாங்கி நாமே அளந்து கொடுப்பது எவ்வளவு தகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமினோ அமிலத்தைக் கொடுப்பதற்கு மாறாக, பறித்துவிடுவதால் நன்மை விளைந்த வரலாறும் உண்டு. 1953இல் நியூயார்க்கில் ஜான் கிட் என்பவர், கினிப்பன்றியின் குருதிநீரை எலிகளுக்குச் செலுத்தியபோது ஒருவகை இரத்தப் புற்று மறைவதைக் கண்டார். காரணம் புலப்படவில்லை. 1961இல் ஜான் புரூம் என்பவர் அதனை விளக்கினார். அக்குருதிநீரில் உள்ள அஸ்பாராஜினேஸ் என்னும் பொருள் அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தை அழித்துவிடுகிறது. நல்ல அணுக்கள் அஸ்பாராஜினைத் தாமே ஆக்கிக்கொள்ளும்; அந்த இரத்தப் புற்றணுக்களுக்கோ அத்திறன் இல்லை; அவை பட்டினியால் மாய்கின்றன. பின்னர் நுண்ணுயிரிகளிலிருந்து பெற்ற அம்மருந்து குழந்தைகளின் இரத்தப் புற்றுக்குச் சிறந்த மருந்துகளுள் ஒன்றாயிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம், 1980களில் மும்பை, தில்லி நிலையங்களோடு ஒரே முறையில் இந்நோய்க்கு மருத்துவம் செய்யத் தொடங்கியபோது, அம்முறையில் அஸ்பாராஜினேஸும் ஒரு மருந்தாய் இடம்பெற்றது. அதற்கு முன்னர் பிழைத்ததைவிட மிகுதியான குழந்தைகள் பிழைத்தனர்.

அன்பர்களே, இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இதனைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் புற்று நோயாளிக்குப் பருப்பும் பாலும் நிறுத்திவிடலாமே; கட்டி பட்டினியால் வாடட்டும்" என்று யாரும் எண்ணிவிடாதீர்கள். அஸ்பாராஜினேஸ் செய்வதைச் சோற்றுத் தட்டைக் குறைத்துச் செய்ய முடியாது. தட்டைக் குறைத்தால் கட்டி தனக்கு வேண்டியதை நோயாளியின் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும்; காவலணுக்களே முதலில் வாடும்; எடை இழந்த நோயாளி மருந்தின் கடுமையையும் தாங்க மாட்டார். மேலும் அபர்டீனில் கொடுத்த 30 கிராம் அர்ஜினின் சிறு அளவன்று. அர்ஜினின் நிரம்பிய உணவு நிலக்கடலை. அதிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராமே உண்டு. முப்பது கிராம் வேண்டுமாயின் நாளும் ஒரு கிலோ கடலை தின்ன வேண்டும்! ஆகவே ஒரு கைப்பிடிக் கடலைக்கும் ஒரு கிண்ணம் பருப்புக்கும் அஞ்ச வேண்டியதில்லை. இடர் இருப்பது உணவில் அன்று. பிரித்தெடுத்துப் பெருக்கிய தனிப்பொருளில்தான்.

எவ்வளவு புரதம் வேண்டும் என்று தாய்மார்கள் கேட்பீர்கள். நல்ல உடலினர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று நம் நாட்டு ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்துள்ளது. புற்று நோயாளிக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒன்றரை கிராம் வரை என்பது மருத்துவர் கூறும் அளவு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 75 கிராம். வீட்டுக் கணக்கில் பாருங்கள்: 300 கிராம் அரிசியில் ஏறத்தாழ 21 கிராம், 60 கிராம் பருப்பில் 13, 200 மில்லி பாலில் 6, ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கூட்டினால் 53 கிராம்! டப்பாவைத் திறவாமலே கணக்கு நேராகிவிட்டது. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். மெல்லவும் விழுங்கவும் இயலாத நோயாளிக்குச் சத்துத் தூள் தேவைப்படுவதும் உண்டு. அதனை மருத்துவரே சொல்லட்டும். அவர் சொன்னால் தயங்காமல் வாங்குங்கள். அவர் சொல்லாதபோது, அப்பணத்தைப் பருப்புக்கும் முட்டைக்கும் பாலுக்கும் செலவிடுங்கள். அதுவும் நோயாளிக்கு மட்டும் போதாது, வீட்டார் அனைவருக்கும் செலவிடுங்கள். ஜார்க்கண்ட் கற்பித்த பாடம் அதுவன்றோ!

இறுதியாக இச்சங்கத்தின் முன் ஒரு விண்ணப்பம். காசநோயாளிகளுக்கு மைய அரசு 2018 முதல் உணவுக்கென மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. அதனைக் கேட்டுப் பெற வழியறியாத குடும்பங்களுக்கு வழி காட்டுவது நம் கடமை. 2022 செப்டம்பரில் தொடங்கிய 'நிட்சய் மித்ரா' திட்டத்தின் கீழ், சங்கங்களும் நோயாளிகளை ஏற்றுக்கொண்டு மாதந்தோறும் உணவுப் பொருள் வழங்கலாம். நம் சங்கம் இவ்வாண்டு பத்துக் குடும்பங்களை ஏற்றுக்கொள்ளட்டும். மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுக்கும் தராசு ஒன்று, நோயாளிகளின் எடையைப் பார்த்துக் குறித்துவைக்கும் கருவி ஒன்று, ஒரு பதிவேடு, இவ்வளவே முதலீடு. பதிவேட்டை எழுதும் வேலையை நாம் மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறோம். பொருளின் எடையைச் சரிபார்த்து ஏட்டில் பதிவதே நம் தொழில் அல்லவா? அடுத்த ஆண்டு விழாவில் அந்த ஏட்டைத் திறந்து, இன்னார் வீட்டில் இவ்வளவு எடை கூடிற்று என்று இந்த மேடையில் படிக்கும் பேறு நமக்குக் கிட்டுமாயின், அதனினும் சிறந்த தமிழ்த் தொண்டு வேறு இல்லை என்று கருதுவோம்.